வசதிப் பக்கம்

தொலைக்காட்சி நிலையத்தின் பின்பக்கக் கதவுக்கு வெளியே அவர்கள் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்கிறவர் அவருக்குத் தோன்றும்போதுதான் திறப்பார். அதுவரை சுவரோரம் விழுந்த ஒரு சாண் நிழலில் யார் நிற்பது என்பதில் சின்னத் தள்ளுமுள்ளு. தொலைக்காட்சி விவாதங்களுக்குப் பார்வையாளர்களாகப் போய் உட்கார்ந்து கைதட்டுவது இவர்கள் வேலை. கூலி அன்றன்றைக்கு, கூடவே ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். இவர்களைத் திரட்டிக்கொண்டு வருகிறவருக்குக் கூட்டக்காரர் என்று பேர். எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை தலை வேண்டும், எந்த மாதிரித் தலை வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி.

ஏனக்கா நிழலுக்குச் சண்டை போடவில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பேர் வேறு. அது உணவு அட்டையில் மட்டும்தான் இருந்தது. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் தெருவே சேர்ந்து அவளுக்கு இந்தப் பேரை வைத்துவிட்டது.

"இன்னிக்கு என்ன தலைப்பு?" என்று திரும்பிக் கேட்டாள்.

"தலைப்பு எதுவா இருந்தா உனக்கென்ன?" என்றார் விசில். அவளுடைய தெருவில் கடைசி வீட்டுக்காரர். உற்சாகம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அதற்காகவே கூட்டக்காரர் அவரை விடாமல் கூட்டிவருவார். "அரங்கத்துல நிக்கற தம்பி கையை ஓங்கினா தட்டணும். மடக்கினா நிறுத்தணும். இதுல தலைப்பைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கோமேண்ணே. காதை என்ன பண்றது, வீட்லயா கழட்டி வச்சுட்டு வர முடியும்?"

கூட்டக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலைப்பு, அரசாங்கம் இலவசமாக உணவு கொடுக்கலாமா கூடாதா என்பது. அரங்கில் இரண்டு பக்கம் நாற்காலி போட்டிருப்பார்கள். கொடுக்கலாம் என்கிறவர்களுக்குப் பின்னால் உட்காருகிறவர்களை இல்லாப் பக்கம் என்பார்கள். கூடாது என்கிறவர்களுக்குப் பின்னால் இருப்பது வசதிப் பக்கம். கூட்டக்காரர் செருப்பைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், கன்னத்தைப் பார்ப்பார், ஆளைப் பிரித்துவிடுவார். ஏனக்கா இதுவரை இல்லாப் பக்கத்தைத் தாண்டியதே கிடையாது.

அன்றைக்கு வசதிப் பக்கத்துக்கு ஆள் போதவில்லை. கன்னம் கொழுத்தவர்களெல்லாம் ஒரு சினிமாவின் கல்யாணக் காட்சிக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி அதிகம். கூட்டக்காரர் தலையைச் சொறிந்தார். ஏனக்காவின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நெத்தி நல்லாத்தான் இருக்கு. ஏனக்கா, நீ இன்னிக்கு அந்தப் பக்கம் போ."

"ஏன்?"

"ஆரம்பிச்சுட்டியா! போம்மா, உடுப்பு குடுப்பாங்க."

உடுப்பறைப் பெண் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஒரு நீலக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள். முன்பக்கம் வெள்ளிப் பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. கோட்டு பத்தவில்லை. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை, முதுகுத் தையலைச் சரக்கென்று பிரித்து, இரண்டு பக்கத்தையும் ஊசியால் குத்தி நிறுத்தினாள். "காமிரா பின்னாடி வராது. சாயாம மட்டும் உக்காருங்க" என்றாள். கழுத்தில் ஒரு முத்துமாலை. அது முத்தில்லை என்று தொட்டதும் தெரிந்தது, சோப்புத் துண்டு மாதிரி லேசாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஏனக்காவுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு அம்மாள் வாடகை கேட்க வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

விவாதம் தொடங்குமுன் சும்மா கைதட்டச் சொல்லிப் படமெடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அப்புறம் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். காதில் கேட்புக்கருவி மாட்டிய உதவியாளத் தம்பி நடுவில் நின்று, தட்டச் சொன்னான், தலையாட்டச் சொன்னான், கோபப்படச் சொன்னான், யாருமே சொல்லாத ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கச் சொன்னான். ஏனக்கா உள்ளங்கையைக் குழித்துத் தட்டினாள். விறைப்பாகத் தட்டினால் கை எரியும், சத்தமும் சப்பென்று இருக்கும். குழித்துத் தட்டினால் நாலு பேர் தட்டின மாதிரி கேட்கும். இதை வேலைக்கு வந்த முதல் வாரத்தில் விசில்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வசதிப் பக்கத்துப் பேச்சாளர் மாவு ஆலை முதலாளி. பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். உட்காருமுன் பின்னால் திரும்பி, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கூடக் கேட்டார். பேச ஆரம்பித்ததும், சும்மா கிடைக்கிற மாவு மனிதனைச் சோம்பேறியாக்கும் என்றார், உழைக்கிற ஆசையையே கொன்றுவிடும் என்றார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பேராசிரியை. ஒல்லியாக, குரல் மட்டும் கனமாக.

"உங்க ஆலைக்கு அரசாங்கம் பாதி விலைக்குக் கோதுமை குடுக்குது, மின்சாரத்துக்கும் சலுகை குடுக்குது. அது உங்க ஆசையைக் கொல்லலையா?" என்று அவர் கேட்டார்.

"அது வேற மேடம். அதுக்குப் பேரு இலவசம் இல்ல, ஊக்கம். நான் நாலு பேருக்கு வேலை குடுக்கறேன்."

தம்பியின் கை வசதிப் பக்கத்தைப் பார்த்து ஓங்கியது. ஏனக்கா தட்டினாள். தட்டிக்கொண்டே யோசித்தாள். அதே கோதுமைதான். ஆலைக்குள் போகும்போது ஊக்கமாக இருப்பது, மாவாகி அவள் வீட்டுப் பாத்திரத்துக்குள் வரும்போது சோம்பலாக மாறிவிடுகிறதே, வழியில் எந்த இடத்தில் மாறுகிறது? இதை யாராவது கேட்டால் தேவலை என்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். அவர்கள் வேறெதற்கோ போய்விட்டார்கள்.

இடைவேளையில் ஒரு சலசலப்பு. வசதிப் பக்கத்திலிருந்து எழுந்து ஒரு வரி கேட்க வேண்டிய பெண்ணுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தம்பி வரிசை நெடுகப் பார்த்துவிட்டு ஏனக்காவிடம் வந்தான்.

"நீங்க பேசுவீங்களா? ஒரே வரிதான். இன்னொரு பங்கு கூலி உண்டு, இன்னொரு பொட்டலமும் உண்டு."

"என்ன வரி?"

"'என் வரிப்பணத்துல உழைக்காதவங்களுக்கு ஏன் சாப்பாடு போடணும்?' அவ்ளோதான்."

ஏனக்கா சற்று யோசித்தாள். "பொய் சொல்ற மாதிரி இருக்குமே தம்பி. நான் எங்க வரி கட்டறேன்?"

"சோப்பு வாங்கறீங்களா?"

"ஆமா."

"தீப்பெட்டி? எண்ணெய்?"

"வாங்காம?"

"எல்லாத்துலயும் வரி இருக்கு. அப்ப கட்டறீங்க."

இது அவளுக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷம் வரி கட்டுகிறவளாகவே இருந்திருக்கிறாள், ஒருத்தரும் சொல்லவில்லை. மனசுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. உழைக்காதவர் என்றதும் அவள் நினைவுக்கு வந்தவன், அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின் சொந்தக்கார அம்மாவுடைய மகன். மாதம் பிறந்தால் வாடகைக்குக் கை நீட்டுவதைத் தவிர அவன் கையால் ஒரு துரும்பைக் கிள்ளிப்போட்டு யாரும் பார்த்ததில்லை. அவனை நினைத்துக்கொண்டே அவள் எழுந்தாள், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு கேட்டாள். ஏன் என்ற சொல்லை அவளைவிட நன்றாகச் சொல்ல யாருக்கு வரும்? அரங்கம் அதிர்ந்தது. தம்பி கையை மடக்கிய பிறகும் சிலர் தட்டினார்கள். இல்லாப் பக்கத்திலிருந்து விசில்கூடத் தவறிப்போய் ஒரு விசில் அடித்துவிட்டார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் தெருவே திரண்டது. "அம்மாடி, மாலையைப் பாரு!" என்றார்கள். வீட்டுக்குள் கட்டிலில் படுத்தபடியே, திறந்த ஜன்னல் வழியாக அவள் புருஷனும் கேட்டான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பெயின்டர் அவன். விழுந்ததிலிருந்து கட்டிலும் சுவருமாகத்தான் நடமாட்டம்.

"வாங்க முதலாளியம்மா" என்றான் அவள் உள்ளே வந்ததும். "உங்க வரிப்பணத்துல நான் இங்க படுத்துக்கிட்டுச் சாப்பிடறேன். கோபம் இல்லியே?"

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க."

"தெரியும்டி, சும்மா சொன்னேன். நல்லாத்தான் கேட்ட. எனக்கே பதில் தெரியல." சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு வைக்கும்போது தட்டை அவன் கையில் கொடுக்கச் சங்கடமாக இருந்தது; பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்துக் காலையில் ஒருவர் வந்தார். வெளுத்துப்போன சட்டை, தோளில் பை, வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்பு. உணவு அட்டை அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். ஏனக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். நீலக் கோட்டு, முத்துமாலை.

"இது நீங்கதானே?"

ஏனக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. தெருவுக்கு வெளியிலும் பார்த்திருக்கிறார்கள்! "நான்தான் சார். நல்லா இருந்துச்சா?" என்றாள். அவர் பேசாமல் இருந்ததால், கேட்காமல் விட்டுவிட்டாரோ என்று எழுந்து நின்று அந்த வரியை இன்னொரு தடவை சொல்லியும் காட்டினாள், அதே விறைப்போடு.

கட்டிலிலிருந்து அவள் புருஷன், "அடியே, கொஞ்சம் உக்காரு" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

யாரோ ஒருவர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் புகார் சொல்லியிருந்தார். முத்துமாலை போட்டுக்கொண்டு, வரி கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, உணவு அட்டையும் வைத்திருக்கிறாள் என்று. அலுவலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஒரு அடுப்பு, கயிற்றில் துணி, கட்டிலுக்கடியில் காலி பெயின்ட் டப்பாக்கள்; அதில் ஒன்றில்தான் மாவு இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதமாகத் திரும்ப மூடினார்.

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா புகார் வந்திருக்கு, படம் இருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"அது அவங்க கோட்டு சார். மாலையும் அவங்களுது. நாங்க கூலிக்குக் கைதட்டறவங்க. கூலிக்குத்தான் பேசினேன்."

அலுவலர் பேனாவை நிறுத்தினார். "அப்ப உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. கூலி வருது. அட்டை வாங்கும்போது வருமானம் இல்லைன்னுதானே சொல்லியிருக்கீங்க?"

"அட்டை வாங்கும்போது இந்த வேலை இல்லியே."

"வேலை வந்ததும் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா?"

"அட்டை போயிருக்கும்." அவர் சங்கடமாகக் கட்டிலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "மாலை உங்களுதுன்னு எழுதினா, வசதியானவங்கன்னு அட்டை போகும். வாடகை மாலைன்னு எழுதினா, வேலையை மறைச்சீங்கன்னு போகும். எதை எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

ஏனக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். தினமும் கூலி கிடைக்கிற வேலையா இது? கூட்டக்காரர் கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த மாவு ஆலைக்காரருக்கும் அரசாங்கம் குடுக்குதாமே, கோதுமை. அவரு வீட்டுக்கும் யாராவது போயி டப்பாவைத் தொறந்து பாப்பாங்களா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அலுவலரும் நிஜமாகவே யோசித்தார்.

"அது வேற துறைம்மா" என்றார். "அவங்க அங்க வீட்டுக்கெல்லாம் போறதில்லைன்னு நினைக்கறேன்."

'விசாரணையில் உள்ளது' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். அதுவே அவர் செய்த உதவி. ஆனால் விசாரணை முடிகிறவரை அட்டைக்கு மாவு கிடையாது.

ஏனக்கா கூட்டக்காரரிடம் ஓடினாள். நிலையத்துக்காரர்களே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலை அவர்களுடையது என்று. அவர் வீட்டு வாசலிலேயே அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வாயைத் தொறந்துடாதே தாயி. பாக்க வந்தவங்க தானா கைதட்டறாங்கன்னுதான் அவங்க ஊர் பூரா சொல்லிட்டிருக்காங்க. கூலிக்குத் தட்டறாங்கன்னு எழுத்துல வந்துச்சுன்னா என்னையத் தொரத்திட்டு வேற கூட்டக்காரனைப் புடிப்பாங்க. உன் தெருவுலயே எத்தனை அடுப்பு இதுல எரியுது, எண்ணிப் பாத்தியா?"

"அப்ப என் அடுப்பு?"

அவர் உள்ளே போனார். கெட்டவர் இல்லை அவர். தன் வீட்டிலிருந்து ஒரு ரொட்டிப் பொதியைக் கொண்டுவந்து அவள் பையில் திணித்தார். "எந்த நிகழ்ச்சி வந்தாலும் முதல்ல உன்னத்தான் கூப்பிடுவேன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

பெயின்ட் டப்பாவில் மாவு இறங்கிக்கொண்டே வந்தது. ஏனக்கா ரொட்டியை மெல்லிசாகத் தட்டினாள். இன்னும் மெல்லிசாகத் தட்டினாள். "இதுல பேப்பர் படிக்கலாம் போலிருக்கே" என்று அவள் புருஷன் ஒரு ரொட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். இரண்டு தின்றதும் வயிறு நிறைந்துவிட்டதாகச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நிறையவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இந்த வேலையை விட்டுவிட்டால் அட்டை திரும்பி வருமா, அட்டை வருகிறவரை வேலையை விட்டால் எதைத் தின்பது என்று அவள் படுத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டாள். கேள்வியைத் தன்னிடமே கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

கூட்டக்காரர் மறுபடி கூப்பிட்டபோது ஏனக்கா தலைப்பைக் கேட்கவில்லை. விசில்தான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அவரே தாங்காமல், "உணவு அட்டையைப் பத்தித்தானாம்" என்றார்.

இந்தத் தடவை அவள் இல்லாப் பக்கத்தில், தன்னுடைய சாயம்போன சட்டையிலேயே உட்கார்ந்திருந்தாள். விசில் பின் வரிசையில். பக்கத்து நாற்காலியில் ஒரு புதுப் பெண், முதல் தடவை வருகிறவள், அரங்கத்துக் குளிர்சாதனக் குளிருக்குக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையை எப்படிக் குழிப்பது என்று ஏனக்கா அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். எதிரே வசதிப் பக்கத்தில் அதே மாவு ஆலை முதலாளி, அதே புன்சிரிப்பு. கல்யாணக் காட்சி முடிந்துவிட்டது போலும், அவருக்குப் பின்னால் நல்ல நல்ல கன்னங்களாக இருந்தன.

அட்டைகள் யாருக்குப் போய்ச் சேருகின்றன என்று பேச்சு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி கையைத் தூக்கி, "பேசிட்டே இருக்க வேணாம், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவருக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் படம் வந்தது.

நீலக் கோட்டு. வெள்ளிப் பொத்தான்கள். முத்துமாலை. என் வரிப்பணத்துல உழைக்காதவங்களுக்கு ஏன் சாப்பாடு போடணும்?

படம் அந்த முகத்திலேயே நின்றது. "இதே அரங்கத்துல எழுந்து இவ்வளவு கம்பீரமாக் கேட்டாங்களே, இந்தம்மா யாரு தெரியுமா?" என்றார் முதலாளி. "இவங்க கையிலயே உணவு அட்டை இருந்திருக்கு! விசாரணை நடக்குது. முத்துமாலையும் வேணும், இலவச மாவும் வேணும். சொல்லுங்க, நாடு எப்படி உருப்படும்?"

புதுப் பெண் ஏனக்காவின் காதோரம் சாய்ந்தாள். "பாத்தீங்களாக்கா? இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்மளுக்கு வரவேண்டியது வராமப் போகுது."

"ஆமா" என்றாள் ஏனக்கா.

அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பெரிதாக இருந்தது அந்த முகம். மாலை மின்னியது, அசல் முத்தில்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். முதுகில் கோட்டு பிளந்திருப்பது எங்காவது தெரிகிறதா என்று தேடினாள். தெரியவே இல்லை.

உதவியாளத் தம்பி திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஓங்கப்போன கை பாதியில் நின்றது. காதுக்கருவியில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவன் முகம் சுருங்கியது. தலையைக் குனிந்துகொண்டு கையை ஓங்கினான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

வசதிப் பக்கம் தட்டியது. இல்லாப் பக்கத்தில் அவள் தெருக்காரர்கள் யாரும் தட்டவில்லை. விசில் இரண்டு விரலையும் வாயில் வைத்தபடியே இருந்தார், காற்று மட்டும் வந்தது. காமிராவுக்குப் பின்னாலிருந்து கூட்டக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தட்டாதவர்களுக்கு அடுத்த தடவை கதவு திறக்காது. அது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் கை மறுபடியும் ஓங்கியது.

ஏனக்கா பின்னால் திரும்பினாள். "தட்டுங்கண்ணே" என்றாள் மெதுவாக. "பொட்டலம் போயிடும்."

பிறகு திரையைப் பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு முதல் ஆளாகத் தட்ட ஆரம்பித்தாள். தம்பி கையை மடக்குகிறவரை தட்டினாள்.